நான்காம் நிறுத்தத்து அம்புக்குறி

மலைச் சாலையில் இறங்கும்போது பாதிப்பேர் பிரேக்கை நம்புகிறார்கள். கியரைத்தான் நம்ப வேண்டும். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள் என்று நான் எழுதிய கையேட்டின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் மூன்றாவது வளைவுக்குள் கருகல் வாடை வந்துவிடும். என்னை இங்கே கூட்டிவந்த உங்கள் வண்டியிலும் வந்தது. ஓட்டுநரிடம் சொன்னேன். கையில் விலங்கு போட்டவன் புத்தி சொல்கிறானே என்பதுபோல என்னைத் திரும்பிப் பார்த்தார்.

வரிசையாகச் சொல்லச் சொன்னீர்கள், சார். அது எனக்கு நன்றாகவே வரும். பத்தொன்பது வருஷமாக அதுதான் என் வேலை. அடிவாரத்து வாசலில் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே வருகிற வண்டி, ஐம்பத்திரண்டு கிலோமீட்டர் மலையைச் சுற்றி மறுபடியும் அதே வாசலுக்கு வந்துசேரும். நடுவில் ஏழு நிறுத்தங்கள். ஒவ்வொன்றிலும் வண்டியை விட்டு இறங்கி நடக்க வேண்டும். முதல் நிறுத்தத்தில் ஓடையும் கல்பாலமும். இரண்டாவதில் புல்மேடு. மூன்றாவதில் ஏரியின் ஒரு மூலை தெரியும். முழு ஏரியும் தெரிய வேண்டுமென்றால் நான்காவதில் முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும். ஏழையும் நடந்து முடித்தால் பதினான்கு கிலோமீட்டர். வண்டியில் உட்கார்ந்தபடியே எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல விரும்பவில்லை.

நடக்கிறவர்களுக்கு வழி காட்டுவது பாறைகளில் நான் வரைந்த மஞ்சள் அம்புக்குறிகள். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம், நான்கு விரல் அகலம். வெயிலுக்கும் மழைக்கும் மங்கிப்போனால் நானே புதுப்பிப்பேன். தூரிகையை வேறு யாரையும் தொட விட்டதில்லை. சுற்றுலா வண்டி ஓட்டுகிறவர்கள் என்னை அம்புக்காரர் என்பார்கள். கேலிதான். ஆனாலும் எனக்குப் பிடித்திருந்தது.

வாசலில் சீட்டு ஜன்னலில் உட்கார்ந்திருப்பது என் மனைவி. உள்ளே போகிற வண்டியின் எண்ணையும் ஆள் கணக்கையும் நேரத்தையும் எழுதுவாள். வெளியே வரும்போது அதே வரியில் வந்த நேரத்தை எழுதுவாள். மாலை ஆறு மணிக்கு ஏதாவது ஒரு வரி பாதியில் நின்றால், நான் ஜீப்பை எடுத்துக்கொண்டு தேடப் போவேன். எங்களுக்குத் திருமணமாகி இருபத்துநான்கு வருஷம். குழந்தை இல்லை. அதனால் சண்டை போட விஷயமும் குறைவு. அவளுக்கு முட்டி வலி. மலையைச் சுற்றி ஒருநாளும் நடந்ததில்லை. ஆனால் என் கையேட்டைப் படித்துப் படித்தே, நேரில் போய்வந்தவள் மாதிரி எல்லோருக்கும் வழி சொல்வாள்.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை.

போன வருஷம், நாலைந்து நாள் விடாமல் பெய்த மழை ஒரு சனிக்கிழமை விட்டது. மழையில் கழுவிப்போன குறிகளை அன்றே புதுப்பித்தேன். செவ்வாய் மதியம் இரண்டரை மணிக்கு, நான்காம் நிறுத்தத்தில் சரிவைத் தாங்குவதற்காக ஒரு கல்சுவர் எழுப்பிக்கொண்டிருந்தேன். யாரோ எண்ணுவது கேட்டது. ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, அறுபது, உடனே, "யாராவது இருக்கீங்களா?" பிறகு மறுபடியும் ஒன்றிலிருந்து. தெம்பை வீணாக்காமல் நிமிஷத்துக்கு ஒரு தடவை கத்துகிற மனிதர். கணக்கு வாத்தியார் என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்த நிறுத்தத்தில் பாதை ஒரு பாறையருகே இரண்டாகப் பிரிகிறது. வலப்பக்கம் ஏரி தெரியும் மேட்டுக்குப் போகும். இடப்பக்கம், அந்தக் காலத்தில் கல்லுடைக்கிறவர்கள் போட்ட தடம். அது நூறு அடி போய்த் திடீரென்று முடிந்துவிடும். அதற்குக் கீழே இருபதடிப் பள்ளம். அவர் அங்கே கிடந்தார். நாற்பது வயதிருக்கும். தொப்பி மட்டும் கலையாமல் இருந்தது. இரண்டு காலும் உடைந்திருந்தன. வலது காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே வந்திருந்தது.

"அப்பாடா, வந்துட்டீங்களா. கால் ரெண்டும் போச்சு சார். ஆனா தலை நல்லா இருக்கு. பத்தொன்பதாம் வாய்ப்பாடு சொல்லிப் பார்த்துட்டேன், தடுமாறவே இல்ல."

சுற்றி இறங்கிப் போய் அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். தலையைத் தாங்கிப் பிடித்துத்தான் கொடுத்தேன். இதை எழுதிக்கொள்ளுங்கள்.

"எப்படி இந்தப் பக்கம் வந்தீங்க?"

"அம்பு காட்டுச்சு, வந்தேன்."

"அம்பு வலது பக்கம் காட்டும்."

"இல்ல சார், இடது பக்கம். நின்னு பார்த்துட்டுத்தான் திரும்பினேன். நீங்க வேணா போய்ப் பாருங்க."

போய்ப் பார்த்தேன். சில கோணங்களிலிருந்து பார்த்தால் அது இடப்பக்கம் காட்டுவதுபோலத் தோன்றக்கூடும். சனிக்கிழமை பாறையின் கீழ்ப்பக்கம் ஒரே சேறாக இருந்ததால், மேல்பக்கம் நின்று குனிந்தபடி வரைந்தேன். அவ்வளவுதான் விஷயம். திரும்பி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் முகத்தைப் பார்த்தே அவர் புரிந்துகொண்டுவிட்டார் போலிருக்கிறது.

"விடுங்க சார், இதுக்குப் போயி. போன பரீட்சைக்கு நானே விடையைத் தப்பாப் போட்டு வச்சு, கிளாஸ்ல முதல் மார்க் வாங்குற பையனை ஃபெயிலாக்கிட்டேன். வாத்தியாருக்கே தப்பு வருது, அம்புக்கு வராதா?" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்தால் வலிக்கிறது என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மறுபடியும் சிரித்தார். "ஊருக்குப் போய்ச் சொன்னா ஒருத்தனும் நம்பமாட்டான். அம்பை நம்பி அம்போன்னு போயிட்டேன்னு சொல்லணும்."

அதை இரண்டு தடவை சொன்னார். இரண்டாவது தடவை தனக்குள் சொல்லிப் பார்ப்பதுபோல, மெதுவாக.

நான் ஆத்திரப்பட்டேன் என்று நீங்கள் நினைக்கலாம். இல்லை. நான் நிதானமாக யோசித்தேன். பக்கத்து மலையில் இதேபோன்ற ஒரு பாதையில் ஒருவர் விழுந்தார் என்று நடைபாதை முழுவதையும் மூடிவிட்டார்கள். இப்போது அங்கே வண்டிகள் மட்டும்தான் சுற்றுகின்றன. எங்கள் பாதையை நம்பி அறுபது குடும்பங்கள் இருக்கின்றன. விடுதி வைத்திருக்கிறவர்கள், வண்டி ஓட்டுகிறவர்கள், தேநீர் விற்கிறவர்கள். தராசின் ஒரு தட்டில் ஒருவரையும் மறு தட்டில் அறுபது குடும்பத்தையும் வைத்துப் பாருங்கள். கணக்கு வாத்தியாரே ஒத்துக்கொண்டிருப்பார்.

"கழுத்துல அடி பட்டிருக்கான்னு பார்க்கிறேன். மெதுவா அந்தப் பக்கம் திரும்புங்க" என்றேன்.

திரும்பினார். "ரொம்ப நன்றி சார்" என்றார்.

கல் உடைக்கிற சுத்தியல் என் இடுப்பில் இருந்தது. இரண்டு கிலோ. காதுக்குப் பின்னால் அடித்தேன். முதல் அடியிலேயே முடிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவர் கை ஒரு புல் கற்றையைப் பிடித்திருந்தது, விடவில்லை. அதனால் இரண்டாவது அடி. அதற்குப் பிறகு விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. தொப்பி நசுங்கவில்லை. அதை முதலிலேயே கழற்றி வைத்திருந்தேன், பின்னால் தேவைப்படும் என்று.

உடம்பைத் தார்ப்பாயில் சுற்றிச் சுவருக்குப் பின்னால் இழுத்துப்போட்டுக் கல்லை அடுக்கினேன். கனமான மனிதர் இல்லை. ஆனால் உடைந்த கால்கள் எங்கெங்கோ மாட்டிக்கொண்டன. அவற்றை மடக்க வேண்டியிருந்தது. அந்தச் சத்தத்தை விவரிக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

பிறகு அவருடைய தொப்பியைப் போட்டுக்கொண்டு அவருடைய காரை எடுத்தேன். ஆறு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வாசலைத் தாண்டினேன். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் ஓட்டினேன். என் மனைவி வண்டி எண்ணைப் பார்த்தாள். அப்புறம் ஸ்டீயரிங்கில் இருந்த கையைப் பார்த்தாள். என் நகக்கண்ணில் எப்போதும் மஞ்சள் பெயிண்ட் இருக்கும். அவள் எத்தனையோ தடவை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டிருக்கிறாள். பேனா ஒரு நொடி நின்றது. பிறகு நேரத்தை எழுதினாள்.

காரை நகரத்து ரயில் நிலையத்தில் விட்டுவிட்டு பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். அவள் சாப்பாட்டை எடுத்துவைத்தாள்.

"ஜீப் எங்கங்க?"

"ஸ்டார்ட் ஆகல. மேலயே விட்டுட்டு ஒருத்தர் வண்டில வந்துட்டேன்."

"ம்" என்றாள். எட்டு மாதத்தில் அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. எங்களுடையது நல்ல குடும்பம் என்று நான் சொன்னால் அதில் மிகையில்லை.

மறுநாள் காலை முதல் வண்டியில் தொற்றிக்கொண்டு மேலே போனேன். பாறையில் இருந்த குறியை உளியால் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாக வரைந்தேன். சுவரை முடித்தேன். சுவர் நன்றாக அமைந்துவிட்டதால், அதன்மேல் மண்ணைக் கெட்டித்து, சாய்ந்து உட்கார வசதியாக ஒரு கல்மேடையும் கட்டினேன். அதற்கு முன்னால் அந்த நிறுத்தத்தில் உட்கார இடமே கிடையாது. பலபேர் பாராட்டினார்கள்.

கார் ரயில் நிலையத்தில் கிடைத்தது. எங்கள் பதிவேட்டில் வண்டி வெளியே போன நேரம் இருந்தது. மனிதர் எங்கேயோ ரயிலேறிப் போய்விட்டார் என்று உங்கள் ஆட்கள் இரண்டு வாரத்தில் முடிவுக்கு வந்தார்கள். குறை சொல்லவில்லை, சார். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

அவருடைய அக்கா மட்டும் அப்படி நினைக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வந்து இறங்கினாள். ஐம்பது தாண்டியவள், எலும்பு பெருத்த உடம்பு, கணீரென்ற குரல். தையற்காரி. தம்பியை வளர்த்ததே அவள்தானாம். கையில் நான் எழுதிய கையேடு. காரில் கிடந்ததாம். நான் எழுதிய புத்தகத்தை நானே கவனிக்காமல் விட்டிருக்கிறேன் பாருங்கள்.

"இதைப் பாருங்கண்ணே. ஒண்ணு, ரெண்டு, மூணு. மூணு நிறுத்தத்துக்கும் பென்சில்ல டிக் போட்டிருக்கான். நாலாவதுக்கு இல்ல. அவன் பாதியில விட்டுட்டுப் போற ஆள் இல்லண்ணே. பேப்பர் திருத்த உட்கார்ந்தான்னா கடைசிப் பேப்பர் வரைக்கும் தண்ணி குடிக்கக்கூட எந்திரிக்க மாட்டான்."

"மழை நேரம்மா. போதும்னு திரும்பியிருப்பாரு."

"அப்போ ஏன் வீட்டுக்கு வரல?"

அவளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய் நான்காம் நிறுத்தத்தைச் சுற்றிக் காட்டினேன். அதற்கப்புறம் ஞாயிறு தவறாமல் வந்தாள். ஏழு மாதம். முடிந்தபோதெல்லாம் நானும் கூடவே நடந்தேன். புதர்களைக் கம்பால் விலக்கிப் பார்ப்பேன். பள்ளத்தில் நானே இறங்கித் தேடினேன். கால் வலித்தால் அந்தக் கல்மேடையில் உட்காருவாள். "யாருண்ணே கட்டினது? முதுகுக்கு எவ்வளவு இதமா இருக்கு" என்றாள் ஒருநாள். நான்தான் என்றேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

என் மனைவிக்கும் அவளுக்கும் ஒட்டிக்கொண்டது. பஸ் வரும்வரை சீட்டு ஜன்னலுக்குப் பின்னால் இருவரும் உட்கார்ந்து பேசுவார்கள். அவள் என் மனைவியை அளவெடுத்து, வாசல் குளிருக்கு ஒரு கனத்த கோட்டு தைத்துக்கொண்டு வந்து கொடுத்தாள். தோளில் பஞ்சு வைத்த கோட்டு. காசு வாங்கவில்லை. அன்று வீட்டில் என் மனைவி அந்தக் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிடிக்கவில்லையா என்று கேட்டேன். எழுந்துபோய் அதை ஆணியில் மாட்டினாள்.

பதினொரு நாளைக்கு முன்னால் வந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

அன்று அவள் ஜீப்பில் ஏறியதும் வழக்கமாகப் பேசுகிற எதையும் பேசவில்லை. நான்காம் நிறுத்தத்தில் இறங்கியவள் நேராகப் பாதை பிரிகிற பாறைக்குப் போனாள். மண்டியிட்டு உட்கார்ந்தாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, துணியில் நூலோட்டம் பார்ப்பதுபோல, கட்டைவிரலால் அம்புக்குறியைத் தடவினாள். ஓரத்திலிருந்து ஓரம்வரை தடவினாள். நான் பெயிண்ட் டப்பாவோடு பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

"இது பிரிச்சுத் தைச்சதுண்ணே" என்றாள்.

"என்னது?"

"தப்பா வெட்டின துணியப் பிரிச்சு மறுபடி தைச்சா, எவ்வளவு இஸ்திரி போட்டாலும் பழைய தையல் ஓட்டை தெரியும். இந்தப் பக்கம் கொத்தியிருக்கு பாருங்க. முனை முதல்ல இங்க இருந்திருக்கு." அவள் விரல் இடது ஓரத்தில் நின்றது. "உங்க வீட்டுத் தங்கச்சிதான் சொல்லுச்சு, நாலாவது நிறுத்தத்துல அம்பை நல்லாப் பாருங்கக்கான்னு. ஏன்னு கேட்டதுக்கு அழுதுச்சு."

அவள் எழுந்து திரும்பினாள். கண்ணில் தண்ணீர் இல்லை.

"என் தம்பி எங்கண்ணே இருக்கான்?"

ஏழு மாதம் என்னை அண்ணன் என்று கூப்பிட்டவள். அவளிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "நீங்க வழக்கமா உட்கார்ற இடத்துலதான்மா" என்றேன்.

கல்மேடை இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த டப்பாவைப் பிடுங்கி என் முகத்தில் அடித்தாள். புருவத்தில் இந்தத் தழும்பு அதுதான். மூன்று தையல். பெயிண்ட் என் கண்ணிலும் அவள் மேலும் பாறை மேலும் கொட்டியது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு அவளைத் தள்ளினேன். விழுந்தவள் என் காலைக் கட்டிக்கொண்டு கெண்டைச் சதையைக் கடித்தாள். துணியோடு சதையும் போயிற்று. நான் நினைத்ததைவிட அவளுக்குப் பலம் அதிகம். சுத்தியலால் முதுகில் ஓங்கி ஓர் அடி. பிடி தளர்ந்தது. எழுந்துகொள்ளப் பார்த்தாள். அவள் கத்தவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். தம்பி பெயரை மட்டும், கூப்பிடுகிற குரலில், இரண்டு தடவை சொன்னாள். நெற்றியில் ஓர் அடி. கீழே கிடந்தபோது இன்னொன்று. மூன்றாவதாக அடித்தது தேவையே இல்லை. கை ஒரு கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும்போது சட்டென்று நிறுத்த வராது.

மஞ்சளில் சிவப்பு கலந்தால் ஒரு மாதிரி ஆரஞ்சு நிறம் வரும். பாறையில் அது வழிந்து, அம்புக்குறியையே மறைத்துவிட்டது. யாராவது நடந்துவந்தால் வழி தெரியாதே என்று எனக்குக் கவலையாக இருந்தது. அவளைத் தடத்தின் ஓரத்துக்கு இழுத்துவிட்டு, முதலில் பாறையைத்தான் துடைக்க ஆரம்பித்தேன்.

அப்போது என் மனைவி வந்தாள்.

பத்தொன்பது வருஷத்தில் முதல்முறையாக அவள் அந்தப் பாதையில் நடந்து வருகிறாள். யாரோ ஒருவருடைய வண்டியில் நான்காம் நிறுத்தம்வரை வந்து, அங்கிருந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறியிருக்கிறாள். அந்தக் கோட்டைப் போட்டிருந்தாள். மூச்சு வாங்கியது.

"ஜன்னல்ல யாரு இருக்கா?" என்று கேட்டேன்.

"அக்கா எங்கங்க?"

நான் பதில் சொல்வதற்குள் புல்லில் நீட்டிக்கொண்டிருந்த செருப்பைப் பார்த்துவிட்டாள். அங்கே போகவில்லை. வாயைப் பொத்திக்கொண்டாள். "நான்தான் அனுப்பினேன்," என்றாள், "நான்தான் அக்காவை அனுப்பினேன். அன்னைக்கே சொல்லியிருக்கணும். அன்னைக்கே வண்டியை மறிச்சிருக்கணும்."

அவளிடம் பொறுமையாக விளக்கினேன். அறுபது குடும்பம் என்றேன். நம் வேலை, நம் வீடு, எல்லாம் என்றேன். அவள் முழுவதையும் கேட்டாள். பிறகு திரும்பி இறங்க ஆரம்பித்தாள்.

அவளைத் தோளில்தான் அடித்தேன். தலையைக் குறிவைத்திருந்தால் அவள் இன்று உங்களுக்கு வாக்குமூலம் கொடுத்துக்கொண்டிருக்க மாட்டாள். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். காரை எலும்பு உடைந்தது எனக்கே கேட்டது, கோட்டின் பஞ்சையும் மீறி. சரிவில் உருண்டு, முப்பதடி கீழே புல்லில் போய் நின்றாள். நான் இறங்கப் போனேன். அந்த நேரம் பார்த்து ஒரு குடும்பம் ஏறி வந்தது. கணவன், மனைவி, அவர் தோளில் ஒரு குழந்தை.

"என்ன சார், ரத்தமா?" என்றார் அவர்.

"பெயிண்ட். டப்பா கவுந்திருச்சு. இந்தப் பக்கம் வேலை நடக்குது, நீங்க ஐந்தாவது நிறுத்தத்துக்குப் போயிருங்க. அங்கிருந்து ஏரி இன்னும் நல்லாத் தெரியும்."

புருவத்திலிருந்து ஒழுகுகிறதே என்றார் அவர் மனைவி. கைக்குட்டை கொடுத்தார். நான் அவர்களை வண்டிவரை கொண்டுபோய் விட்டு, ஐந்தாவது நிறுத்தத்தில் எங்கே வண்டியை நிறுத்த வேண்டும் என்பதையும் சொல்லி அனுப்பினேன். வேலை என்று ஒன்று இருக்கிறதல்லவா. திரும்பிப் போய்ப் பார்த்தபோது புல்லில் மனைவி இல்லை. கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டு குறுக்கே சாலைக்கு இறங்கி, வந்த வண்டியை நிறுத்தி ஏறிப் போய்விட்டாள்.

நான் வாசலுக்கு வந்துசேர்ந்தபோது குறுக்கே சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. அவள் சங்கிலிக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் பதிவேடு. சாவி தெரியவில்லை. எனக்குப் பின்னால் ஏழெட்டு வண்டிகள் வரிசை கட்டி ஹாரன் அடித்தன. நான் ஜீப்பிலிருந்து இறங்கிச் சங்கிலியருகே போய் நின்றேன்.

"சாவியக் குடு."

"மாட்டேன்."

"பின்னால வண்டிங்க நிக்குது. உள்ள இன்னும் எத்தனை பேர் இருக்காங்க?"

அவள் பதிவேட்டைப் பார்க்கவில்லை. வலியில் உதடு வெளுத்திருந்தது. "நாப்பத்தி மூணு பேர்," என்றாள். "ரெண்டு பேர் வெளிய வரமாட்டாங்க."

வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராக ஹாரனை நிறுத்தினார்கள். என் சட்டையைப் பார்த்தார்கள். ஒருவர் தன் மனைவியை வண்டிக்குள் போகச் சொல்லிக் கதவைச் சாத்தினார். நான் ஜீப்பின் படியில் உட்கார்ந்தேன். அவள் நாற்காலியில். உங்கள் வண்டி வர நாற்பது நிமிஷம் ஆயிற்று.

அவ்வளவுதான், சார். வாத்தியாரைக் கொன்றது நான். அவருடைய அக்காவைக் கொன்றது நான். மனைவியை அடித்தது நான். யாரும் என்னை மிரட்டவில்லை, அடிக்கவில்லை. முழு நினைவோடு சொல்கிறேன்.

என் மனைவி ஆஸ்பத்திரியில் கொடுத்த வாக்குமூலத்தை நீங்கள் வாசித்துக் காட்டினீர்கள். பெரும்பாலும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். ஓர் இடம் மட்டும். அந்தச் செவ்வாய்க்கு முந்தின ஞாயிறு ஒரு தம்பதி வாசலில் வந்து, நான்காம் நிறுத்தத்தில் அம்பு மாறிக் காட்டுகிறது, நாங்கள் தப்பித்தோம், யாராவது விழுந்துவிடப் போகிறார்கள் என்று சொன்னார்களாம். அதை அவள் என்னிடம் சொன்னாளாம். நான் கேட்கவில்லையாம்.

சொன்னாள்தான். இல்லையென்று சொல்லவில்லை. சாப்பிடும்போது சொன்னாள். நான் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோனேன். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. போய்ப் பார்க்கவில்லையா என்று கேட்கிறீர்கள். பார்க்க எந்த அவசியமும் இல்லை. யாரோ இருவர், அந்த மலைக்கு அன்றுதான் முதல்முறையாக வந்தவர்கள். அதை வந்து சொல்கிறவளோ ஒருநாளும் அந்தப் பாதையில் நடக்காதவள். இருநூற்றுப் பன்னிரண்டு குறிகள் வரைந்தவனுக்கு எது எந்தப் பக்கம் காட்டுகிறது என்று தெரியாதா?

தட்டச்சு செய்த தாள்களை முழுவதும் படித்துவிட்டேன். கொலை என்று போட்டிருக்கிறீர்கள், இரண்டு இடத்தில். இருக்கட்டும். உடலை மறைத்தது, சாட்சியை அழித்தது, மனைவியைக் கொல்ல முயன்றது, எல்லாம் இருக்கட்டும், எதையும் மாற்றச் சொல்லவில்லை. மூன்றாம் பக்கத்தில், மேலிருந்து ஆறாவது வரியில், 'தவறாக வரையப்பட்ட அம்புக்குறி' என்று இருக்கிறது. அந்தத் 'தவறாக' என்பதை மட்டும் அடித்துக் கொடுங்கள். உடனே கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.